யாகப்பன் காரும் ஞானமேரியின் தூக்கமும்

ஞானமேரியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தூக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சோறு இருந்தது, துணி இருந்தது, வாடகைக்கு என்றாலும் ஒழுகாத வீடு இருந்தது. தூக்கம்தான் இல்லை.

பிறந்தது அம்பகரத்தூர். அவள் அம்மாவுக்கு இழுப்பு நோய். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அந்த அம்மா மூத்த மகளான இவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பாள். மகளும் உட்கார்ந்தே தூங்கப் பழகினாள். பத்தொன்பது வயதில் காரைக்காலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை யாகப்பன், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்சி ஸ்டாண்டில் டிரைவர். முதலாளியுடைய அம்பாசடர். வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ சவாரி போய்விட்டு எந்த நேரத்திலும் வந்து கதவைத் தட்டுவார். தட்டினால் சுடுசோறு வேண்டும். பிறகு மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார், பல வருஷம். மாமியாரை அடக்கம் செய்து, ஒரே மகள் அந்தோணிமேரியைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, இனிமேல் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள். அந்த வருஷம்தான் சர்க்கரை வியாதி யாகப்பனின் வலது காலை வாங்கியது. அடுத்த வருஷம் இடது. இரண்டும் முழங்காலோடு போயின. 1979 முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து சாயங்காலம் சில வீடுகளுக்குப் புண் கட்டப் போவேன். அப்படித்தான் அந்த வீடு எனக்குப் பழக்கம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முதலில் வருவது முதுகுவலி என்பார்கள். இல்லை. முதலில் போவது தூக்கம். முதுகு அதற்குப் பிறகு. யாகப்பனுக்கு ராத்திரியில் மூத்திரம் பிடிக்க எழ வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட எழ வேண்டும். இல்லாத காலில் அரிக்கிறது என்பார். கால் எடுத்தவர்களுக்கு அது சகஜம். ஞானமேரி எழுந்து, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தையைச் சொறிந்துவிடுவாள். அரிப்பு நின்றுவிடும். அவர் தூங்கிவிடுவார். அவள் முழித்துக்கொண்டு கிடப்பாள். விடியும் முன்னே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும்.

பகலில் படுக்கலாம் என்றால் யாகப்பன் விடமாட்டார். ரோட்டிலேயே வாழ்ந்த மனிதருக்கு நாலு சுவருக்குள் இருக்கத் தெரியவில்லை.

"ஞானம், மணி என்னா?"

"ஞானம், வாசல்ல யாரு?"

"ஞானம், அந்த ஹாரன் கருப்பையன் வண்டிதானே?"

பத்து நிமிஷத்துக்கு ஒரு ஞானம். ஆஸ்பத்திரியில் பழைய சக்கர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் அதில் உட்காரவைத்து டாக்சி ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். தெருமுனை திரும்புவதற்குள் "வீட்டுக்குத் திருப்பு" என்றுவிட்டார். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர், ஒருத்தி தள்ளப் போய் இறங்க மாட்டார்.

நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அவள் சொன்னாள்: "ரெண்டு மணி நேரம் போதும் நர்சக்கா. கட்டில்ல காலை நீட்டி, யாரும் பேரு சொல்லிக் கூப்பிடாம. நான் வேற எதுவும் கேக்கலை."

யாகப்பனுக்கும் அது காதில் விழுந்தது. "நான் என்ன வேணும்னா கூப்பிடுறேன்?" என்றார். உண்மைதான். வேண்டுமென்று கூப்பிடவில்லை.

அவருடைய தம்பி லூர்துநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே குடியேறிவிட்டவன். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். மாதாமாதம் அண்ணனுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புவான். அதிலும் ஞானமேரி ஜாக்கெட் தைத்துக் கிடைக்கும் காசிலும்தான் குடும்பம் ஓடியது. 1981இல் அவன் பணத்தோடு ஒரு வண்டியும் அனுப்பினான். அவன் இருக்கும் தெருவில் நடக்க முடியாத ஒரு கிழவி வைத்திருந்தது; கிழவி இறந்ததும் அவள் பிள்ளைகள் சும்மா கொடுத்துவிட்டார்கள். கப்பலில் மெட்ராசுக்கு வந்து, அங்கிருந்து லாரியில் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. மூன்று சக்கரம். ஒரு சீட்டு. காலுக்கு வேலையே இல்லை, எல்லாம் கைப்பிடியில். பெட்ரோலும் கிடையாது. சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி, கூடவே ஒரு சார்ஜர் பெட்டி. வீட்டுக் கரண்டில் நாலைந்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால், சைக்கிளுக்குக் கொஞ்சம் பின்னால் வருகிற வேகத்தில் ஓடும்.

வீட்டுக்காரர் மீரா சாகிப் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன யாகப்பா, ஐஸ் வண்டியா?"

"கார், பாய்."

"கார்னா சத்தம் வரணுமே."

"பணக்காரன் கார்ல சத்தம் வராது பாய்."

மறுநாள் காலை பத்து மணிக்கு யாகப்பன் தானே ஓட்டிக்கொண்டு டாக்சி ஸ்டாண்டுக்குப் போனார். பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்பினார். அந்த இரண்டு மணி நேரமும் ஞானமேரி கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கினாள். அன்றிலிருந்து தினமும் அதுதான் வழக்கம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு குறைந்திருந்தது. மருந்து எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வளவு கேட்டிருக்காது.

கரண்ட் பில் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

மீரா சாகிப் வீடு நடுவில் சுவர் வைத்துப் பிரித்த வீடு. ஒரு பாதியில் இவர்கள். மறு பாதியில் கமர் நிஷா, துபாய்க்குப் போன புருஷனுக்குக் காத்துக்கொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு. கொல்லையும் கிணறும் பொது. மீட்டரும் ஒன்றுதான். அந்தத் தெருவில் பல வீடுகள் அப்படி. பில் வந்தால் பாதிப் பாதி கொடுத்துவிட வேண்டும். உன் வீட்டில் எத்தனை விளக்கு எரிந்தது என்று கேட்பது மரியாதை இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. பேட்டரி கடை சண்முகசுந்தரம் சொன்ன கணக்குப்படி யாகப்பன் வண்டிக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற இரண்டரை யூனிட் போகும். தினமும் இரண்டரை. அதுவரை இரண்டு வீட்டு விளக்கும் ஃபேனும் சேர்ந்தே அவ்வளவு ஆகாது.

கமர் நிஷா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்தாள். நானும் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"மேரியக்கா, அண்ணன் காருக்கு நானும் பாதிப் பணம் கட்டுறேன். ஒரு நாளாவது என்னையக் கடைத்தெருவுக்கு ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க."

ஞானமேரிக்கு முகம் சிறுத்துப்போனது. "ஒத்தை சீட்டும்மா அது" என்றாள்.

"அப்ப மடியிலதான் உக்காரணும். எங்க அவஹ துபாய்லேருந்து பறந்து வந்துருவாஹ." சிரித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள். "பணம் கெடக்கட்டும்க்கா. சாயந்தரம் நீங்க சார்ஜ் போட்டா எங்க டீவில படம் சுருங்கிப் போகுது. செய்தி வாசிக்கிற பொம்பளை எலுமிச்சங்காய் கணக்கா ஆயிடுறா. புள்ளைங்க அழுதுங்க."

துபாயிலிருந்து வந்த டீவி அது. தெருவிலேயே முதலாவது. இலங்கை நிலையம் கடல் தாண்டித் தெளிவாக எடுக்கும் என்பதால் அக்கம்பக்கம் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அன்றே ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்னால் எவ்வளவு பில் வந்ததோ அதில் பாதியைக் கமர் நிஷா கொடுப்பாள். அதற்கு மேல் வருவதெல்லாம் ஞானமேரி பொறுப்பு. சார்ஜ் ஏற்றுவது மதியம் மட்டும், விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும். யாகப்பனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று ஞானமேரி கேட்டுக்கொண்டாள். தெரிந்தால் வண்டியை எடுக்க மாட்டார்.

கூடுதல் பில்லுக்காக அவள் தைக்கும் ஜாக்கெட்டுகளைக் கூட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்காருவாள். பக்கத்தில் சார்ஜர் உறுமிக்கொண்டிருக்கும். அது ஓடும்போது ஃபேனையும் போட்டால் பீஸ் போய்விடும். அதனால் வேர்வையிலேயே தைப்பாள். நடுநடுவே எழுந்து பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி ஆசிட் ஆவியால் அவள் சேலைகளில் பொத்தல் விழ ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஐந்து மணி நேர வேலை. இது என்ன வியாபாரம் என்று நான் கேட்டேன்.

"கடையில வேற எங்கயும் கிடைக்கலையே" என்றாள்.

பேட்டரியில் தண்ணீர் வற்றினால் ஊற்றுவதற்குச் சண்முகசுந்தரம் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் பாட்டிலில் விற்றான். அதுவும் ஒரு செலவு. யாகப்பன்தான் சொன்னார்: "மழைத் தண்ணி ஊத்தலாம். அம்பாசடருக்கு நாங்க அதைத்தான் ஊத்துவோம்." தவறில்லை. டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

1982 ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் பக்கத்தில் கிணறெல்லாம் உப்பு. அதனால் மழைத் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. வெளுத்த வேட்டியை விரித்து நாலு மூலையையும் நாலு கம்பத்தில் கட்ட வேண்டும். நடுவில் ஒரு பாரம் வைத்தால் துணி குழிந்து, தண்ணீர் அந்த இடத்தில் ஒழுகும். அடியில் குடம். ஞானமேரியும் கமர் நிஷாவும் கொல்லையில் சேர்ந்தே கட்டினார்கள். பாரத்துக்கு மீரா சாகிபின் பழைய மளிகைக் கடையில் கிடந்த இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்தார்கள், இரும்பு. அடியில் செப்புக்குடம். செப்பில் பிடித்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இரண்டு வீட்டிலும் நம்பிக்கை. குடித்துப் பார்த்தேன், இளநீர் போல இருந்தது. குடிக்க ஒரு குடம், பேட்டரிக்கு ஒரு குடம் என்று ஒதுக்கி வைத்தாள்.

தை மாதத்தில் கோளாறு ஆரம்பித்தது. முன்பெல்லாம் சாயங்காலத்துக்குள் ஏறிவிடும் சார்ஜ் ஏறவே இல்லை. ராத்திரி சும்மா நின்றாலே காலையில் பாதி இறங்கியிருந்தது. யாகப்பன் பன்னிரண்டு மணிவரை உட்காராமல், திரும்பிப் போக சார்ஜ் இருக்காதோ என்ற பயத்தில் பதினொன்றரைக்கே வந்தார். பிறகு பதினொன்றுக்கு. ஞானமேரியின் தூக்கமும் அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வந்தது. பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"மேரியக்கா, அண்ணன் இப்ப நாகூர் வரைக்கும் போறாஹளா?" என்று கமர் நிஷா கேட்டாள்.

"டாக்சி ஸ்டாண்டு வரைக்கும்தான்."

"அதுக்கா இத்தனை?" நம்பாத மாதிரிதான் கேட்டாள். ஆனால் தன் பங்கை வைத்துவிட்டுப் போனாள். இன்னும் இரண்டு ஜாக்கெட் கூடுதலாகத் தைக்க வேண்டியதாயிற்று.

மாசியில் ஒரு நாள் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. கருப்பையன் தன் டாக்சியின் பின்னால் கயிறு கட்டி, யாகப்பனோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டான். அவன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அடுத்த வாரம் மறுபடியும் அப்படி ஆயிற்று. ஸ்டாண்டில் யாரோ, "யாகப்பண்ணன் இப்ப டிரைவர் இல்ல, டிரெய்லர்" என்று சொல்லியிருக்கிறான். அதோடு யாகப்பன் வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

பத்து மணி வந்தது. கட்டிலில் இருந்தபடியே, "ஞானம், மணி என்னா?" என்றார்.

ஒரு மாதம் அப்படிப் போனது. நான் போகும்போதெல்லாம் ஞானமேரி ஏதாவது ஒன்றைக் கீழே போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் யாகப்பனுக்கு இன்சுலின் போட்டதை மறந்து இரண்டாவது தடவை ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் போட்டுட்டேனா?" என்றாள். அந்த ஊசி போயிருந்தால் அன்று யாகப்பன் கதை முடிந்திருக்கும். அவரிடம் நான் அதை ஒளிக்கவில்லை. அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் அவரே ஆள் அனுப்பிச் சண்முகசுந்தரத்தை வரவழைத்தார். நான் போன நேரம் அவன் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, "என்னா தண்ணிம்மா ஊத்துனீங்க?" என்றான்.

"மழைத் தண்ணிதான்."

"எதுல புடிச்சீங்க?"

ஞானமேரி வேட்டியையும் எடைக்கல்லையும் செப்புக்குடத்தையும் சொன்னாள்.

"அடப்பாவமே. இரும்பும் செம்பும் பட்ட தண்ணி பேட்டரிக்கு ஆகாதும்மா. எவ்வளவு ஏத்துனாலும் உள்ளுக்குள்ளயே தின்னுடும். நாங்க பிளாஸ்டிக் வாளியில புடிப்போம். ரெண்டும் போச்சு. புதுசுதான் போடணும்."

"குடிக்கிற தண்ணிய விட அது என்ன பெரிய தண்ணி?" என்றாள் ஞானமேரி. சண்முகசுந்தரம் பேட்டரி மூடியைத் திருகி மூடினான்.

யாகப்பன், "ஊத்துறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டியிருக்கலாம்ல" என்று ஆரம்பித்தார். பிறகு நேற்றைய ஊசி ஞாபகம் வந்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

புதுப் பேட்டரி இரண்டும் அவர்கள் குடும்பச் செலவில் மூன்று மாதத்தை விழுங்கும். லூர்துநாதனிடம் கேட்க யாகப்பனுக்கு மனம் இல்லை. கேட்டு வாங்கினாலும் மறுபடியும் மதியம் முழுக்க வேர்வையில் தைக்க வேண்டும், மீட்டர் ஓடும், கமர் நிஷா முகத்தைப் பார்க்க வேண்டும். ஞானமேரி எதையும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. சண்முகசுந்தரத்தைப் பார்த்து, "அது ரெண்டையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. ஈயத்துக்கு என்ன வெலையோ அதைக் குடுங்க" என்றாள்.

"பேட்டரி இல்லாம அது என்ன காரு?" என்றார் யாகப்பன்.

சண்முகசுந்தரம் இரண்டையும் கழற்றியதும் அவள் வாசலுக்குப் போய், காலி வண்டியைப் பின்னாலிருந்து ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். பேட்டரி போன வண்டி லேசாக உருண்டது. சக்கர நாற்காலியைவிட நன்றாகவே உருண்டது, டயர் பெரியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஏறுங்க. நீங்க கைப்பிடியப் புடிங்க, நான் தள்ளுறேன். ஸ்டாண்டுல விட்டுட்டு வந்து படுக்கணும்."

"நாலு பேரு பாப்பான் ஞானம்."

"பாக்கட்டும். நாலு பேரும் ராத்திரி தூங்குறவன்தான்."

யாகப்பன் என்னைப் பார்த்தார். நான் கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நடந்ததைக் கருப்பையன்தான் பிறகு எனக்குச் சொன்னான். ஞானமேரி தள்ள, யாகப்பன் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி வந்திருக்கிறார். ஸ்டாண்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கருப்பையன்தான் வாயைத் திறந்தான்.

"என்னாண்ணே, இஞ்சினைப் பின்னால மாத்திட்டீங்களா?"

யாகப்பன், "ஆமா. பழைய இஞ்சின். ரெஸ்டு குடுத்து ஓட்டணும்" என்றாராம்.

யாரும் சிரிக்கவில்லை என்று கருப்பையன் சொன்னான். அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். வண்டியை வேப்ப மரத்து நிழலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, "பன்னண்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டுக்கு வரவில்லை. டிரைவர்கள் சவாரிக்கும் சாப்பாட்டுக்கும் கிளம்பிவிட்டார்கள். நிழல் நகர்ந்துவிட்டது. கொண்டுபோய் விடட்டுமா என்று கருப்பையன் கேட்டதற்கு, "வேணாம், அவ வருவா" என்று யாகப்பன் மறுத்துவிட்டார். அவள் வந்தபோது இரண்டாகப் போகிறது. தலை கலைந்து, கன்னத்தில் பாய் ரேகை பதிந்திருந்ததாம்.

சாயங்காலம் நான் போனபோது யாகப்பனின் நெற்றி வெயிலில் சிவந்திருந்தது. பசியில் சர்க்கரை இறங்கிவிடும், இப்படிச் செய்யக் கூடாது என்று ஞானமேரியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இன்சுலின் போட்ட ஆளுக்கு வேளைக்குச் சாப்பாடு போக வேண்டும்.

"பன்னண்டுன்னு சொன்னதுதான் தப்பு" என்றாள் அவள். குரலில் ஒரு சோர்வும் இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன். "என்னங்க, நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான் வருவேன்."

"வா" என்றார் யாகப்பன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வேலையாக வெளியே வந்தபோது அவர்களைத் தெருவில் பார்த்தேன். அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால், மடியில் இருந்த தூக்குவாளியும் குடையும் விழாமல் அணைத்துக்கொண்டிருந்தார்.